பழைய ஃபியட் வாங்கும் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

களக்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர் சில மாதங்களுக்கு முன் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கையில் செல்பேசி, அதில் ஒரு காரின் படங்கள். 2013இல் பதிவான ஃபியட் புன்டோ, டீசல், விலை ஒன்றே முக்கால் லட்சம். "அண்ணாச்சி, வண்டி பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் யாரிடம் சொன்னாலும் ஃபியட்டா, வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா, விட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். ஒவ்வொருவருக்கும் நின்றபடி பாதி பதில் சொல்லி அனுப்புவது எனக்கே உறுத்தலாக இருப்பதால், முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர், அது எந்த ஊர் மாடு என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். பன்னிரண்டு வருடம் ஓடிய காருக்கும் அதே பார்வை வேண்டும். அத்தனை வருடம் கழித்து ஒரு வண்டியின் குணத்தைச் சொல்லப் போவது அதை வைத்திருந்தவரின் கைதான்.

புன்டோவிலும் ஃபியட்டின் இன்னொரு காரான லீனியாவிலும் இருக்கும் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின் நம் ஊருக்குப் புதியதே இல்லை. 2007இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசலில் இருந்ததும், பிறகு டிசையரிலும் எர்டிகாவிலும் ஓடியதும் அதே இன்ஜின்தான். டாடா இண்டிகா விஸ்டாவிலும் அதுவே குவாட்ராஜெட் என்ற பெயரில் வந்தது. 2005இல் உலக அளவில் சிறந்த இன்ஜின் விருதைத் தன் பிரிவில் வாங்கியது. ஸ்விஃப்டை வைத்துக்கொண்டு "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது பார்த்தீர்களா" என்று பெருமைப்பட்டவரே, புன்டோவைப் பார்த்து "இத்தாலிக்காரன் வண்டி நிற்காது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் பானெட்டைத் திறந்தால் ஒரே இன்ஜின்.

அப்படியென்றால் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு கவனிப்பிலிருந்து வந்தது. 2009இல் லீனியாவும் புன்டோவும் வந்தபோது அவற்றை டாடா ஷோரூம்களிலேயே சேர்த்து விற்றார்கள். 2012இல் அந்த ஏற்பாடு முடிந்து ஃபியட் தனிக்கடை போட்டபோது தென்மாவட்டங்களில் வண்டி வைத்திருந்தவர்கள் சர்வீசுக்கு அலைய வேண்டியதாயிற்று. 2019க்குள் இந்தியாவில் ஃபியட் பெயரில் கார் விற்பதே நின்றுபோனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததும் அந்த இன்ஜினும் விடைபெற்றது. ஆகவே இன்று சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பல கை மாறியவை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் கை வைத்தவை.

தெரியாத கை என்ன செய்யும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். வள்ளியூரிலிருந்து ஒரு லீனியா வந்தது. டேஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் மாறி மாறி எரிகின்றன, சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆகவில்லை. ஏற்கெனவே பார்த்த இடத்தில் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விட்டது, நாற்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஸ்கேனரை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுத்தேன். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன், மறுமுனையை கியர்பாக்ஸ் உடம்பில் வைத்தேன், சாவியைத் திருப்பச் சொன்னேன். 0.9 வோல்ட் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் ஒயரின் முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பாசி பிடித்ததுபோல் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது ஒயர் போட்டு, கிரீஸ் தடவி முடுக்கினேன். அத்தனை விளக்குகளும் அணைந்தன. செலவு ஆயிரத்தைத் தொடவில்லை. அந்த மனிதர் அதற்குள் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட முடிவு செய்திருந்தார்.

இந்த வண்டிகளில் மின்சாரக் கோளாறு என்று யார் வந்தாலும் முதலில் பேட்டரியையும் எர்த்தையும்தான் பார்க்கிறேன். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் அடிப்பக்கத் துருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆயில். இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தர மாட்டேன். இந்த டீசல் இன்ஜின் குடிக்கும் ஆயில் மூன்று லிட்டரை ஒட்டியதுதான். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அந்த ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ, கருத்துக் கெட்டியானாலோ, டென்ஷனர் தளர்கிறது, செயின் ஆடுகிறது, கடைசியில் பல் தாண்டுகிறது. அதன் பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் வேலையில்லை. செயின் இருக்கும் இன்ஜினுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் ஆயில் குச்சியை உருவிப் பார்க்காதவர்களால்தான் இந்த இன்ஜினுக்குப் பழி வந்தது. எட்டாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். நடுவில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குச்சியைப் பாருங்கள். பெட்ரோல் புன்டோ, பாலியோ வாங்குகிறவர்களுக்கு வேறு கணக்கு: அவற்றில் செயின் இல்லை, பெல்ட். "இப்போதுதான் மாற்றினேன்" என்ற பேச்சுக்கு பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே புது பெல்ட் போட்டுவிடுங்கள்.

வண்டி பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தால்தான் மேலே பேச்சு. முதல் ஸ்டார்ட்டில் டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல் ஓரிரு நொடி சத்தம் வந்து அடங்கினால் செயினோ டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. இன்ஜின் சூடாக இருந்தால் அந்தச் சத்தம் உங்கள் காதில் விழவே விழாது. விற்பவர் உங்களுக்காக முன்பே ஓடவிட்டு வைப்பதன் காரணம் பல நேரம் அதுதான்.

இனி நம் பக்கத்துக்கென்றே உள்ள ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை விட்டு எழுந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் வந்தது. தெருவில் நின்ற கார்கள் கூரை வரை மூழ்கின. அவற்றில் எத்தனையோ வண்டிகள் கழுவப்பட்டு, சீட் உறை மாற்றப்பட்டு, வாசனை அடிக்கப்பட்டு மறுபடியும் விற்பனைக்கு வந்தன. இன்றும் வருகின்றன.

அடுத்த ஆண்டு மாசியில் ஒரு தம்பி முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வண்டியைக் காட்டக் கொண்டுவந்தான். அதுவும் புன்டோதான். பெயின்ட் பளபளக்கிறது, மேட் புதிது, சீட் புதிது. நான் ஓட்டுநர் பக்க சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். எல்லோரும் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நான் கடைசி வரை, இனி வராது என்ற இடம் வரை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் நிறம் மாறியது. நெசவுக்குள் செம்பழுப்பில் ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், மாவுபோல் உதிர்ந்தது. ஆற்று வண்டல். தம்பி அதைத் தன் விரலில் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

பிறகு சீட்டின் அடியில் அது நகரும் தண்டவாளத்தைத் தொட்டோம், துரு. ஸ்டெப்னி கிடக்கும் குழியில் தரைவிரிப்பைத் தூக்கினோம், ஈர வாடை. இப்படி மூழ்கிய வண்டி உடனே நின்றுவிடாது. கார்களில் ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பெரும்பாலும் இரண்டு சீட்டுக்கும் நடுவே, தரைமட்டத்தில் இருக்கிறது. கனெக்டர்களுக்குள் போன தண்ணீர் மாதக்கணக்கில் செம்பை அரிக்கும். ஆறு மாதம் கழித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறு வரும்போது, வாங்கியவர் வெள்ளத்தைத் திட்ட மாட்டார், "ஃபியட்டே இப்படித்தான்" என்பார். தம்பியின் முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அதனால் முன்பணத்துக்கு முன்பே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எனக்குச் சம்பாத்தியம் வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் யாராக இருந்தாலும் சரி.

ஓட்டிப் பார்ப்பதற்கு நான்குவழிச் சாலை மட்டும் போதாது. அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். வேகத்தடைகள் நிறைந்த கிராமச் சாலையில் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, மெதுவாக ஓட்டுங்கள். முன்சக்கரத்தில் 'டொக்' என்று தட்டினால் சக்கரத்தைத் தாங்கும் பாகங்களில் லோயர் ஆர்ம் புஷ்ஷோ லிங்க் ராடோ தேய்ந்திருக்கும். இது செலவு, ஆனால் பயப்பட வேண்டிய செலவு இல்லை. விலையில் குறைத்துக் கேளுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துவிட்டு, கீழே பவர் ஸ்டியரிங் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். இந்த வண்டிகளின் உண்மையான அருமை தெரிய வேண்டுமென்றால், ஆடி மாதம் பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் நடுவே காற்றாலைகளுக்கு இடையில் ஓட்ட வேண்டும். அம்மியே பறக்கும் காற்றில் இலேசான கார்கள் பக்கவாட்டில் தள்ளாடும். புன்டோ தரையைக் கவ்விக்கொண்டு போகும். கதவைச் சாத்தும்போது கேட்கும் அந்தக் கனத்த ஓசைக்காகவே இதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற அச்சம் பாதி நியாயமானது. இன்ஜின் பக்கம் கவலை குறைவு. அந்த இன்ஜின் பல லட்சம் ஸ்விஃப்ட்களிலும் டிசையர்களிலும் ஓடுவதால் பல சாமான்கள் டவுனிலேயே கிடைக்கின்றன. கஷ்டம் எல்லாம் உடம்பில்தான். ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, சுவிட்சுகள் என்றால் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் பிடிக்க வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். ஹெட்லைட் உடைந்து மங்கிய வண்டியை "இதென்ன, மாற்றிக்கொள்ளலாம்" என்று வாங்காதீர்கள்.

வீட்டில் இருப்பது ஒரே கார், அதில்தான் டயாலிசிஸுக்கோ தினசரி வேலைக்கோ போக வேண்டும் என்றால், எத்தனை நல்ல ஃபியட் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடுகிறவருக்கும் அதே பதில்தான். விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடிகிறவருக்குத்தான் இது சரிப்படும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துத் தண்ணீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து அடைத்துவிடும். கூலன்ட்தான்.

காகிதங்களையும் பார்த்துவிடுவோம். 2010, 2011இல் பதிவான வண்டிகளுக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது, அல்லது முடிகிறது. பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும், அதற்குப் படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. செங்கோட்டை வழியாக வரும் கேரள வண்டிகள் விலை மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே கட்டிய ஆயுள் வரி இங்கே செல்லாது. தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரியும் கட்டினால் மலிவு கரைந்துவிடும். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

களக்காட்டு ஆசிரியரோடு அந்த 2013 வண்டியைப் பார்க்க நானே போனேன். காலை ஏழு மணி, பானெட் கொதித்தது. திரும்பிவிட்டோம். இரண்டு மாதம் பொறுத்து அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவரிடம் இன்னொரு புன்டோ கிடைத்தது. இருபதாயிரம் அதிகம் சொன்னார். ஆனால் முதல் சர்வீசிலிருந்து எல்லா பில்லையும் ஒரு பழைய பாலித்தீன் உறையில் போட்டு வைத்திருந்தார், இரண்டாவது சாவியும் அதற்குள்ளேயே இருந்தது. ஆசிரியர் பேரம் பேச வாயெடுத்தார், நான் கையை அழுத்தி நிறுத்தினேன். வாங்கிய வாரத்தில் ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட், எர்த் ஒயர், முன்பக்க புஷ்கள் எல்லாம் மாற்றியதில் இருபத்தெட்டாயிரம் ஆனது. அடுத்த ஆயில் 91,500 கிலோமீட்டரில் என்று எழுதி ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். பழைய உரிமையாளர் இன்னும் வாரம் ஒருமுறை போன் செய்து வண்டி எப்படி இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்கிறாராம்.