கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டைத் தேடும்போது

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின் கிராமப்புறங்களில் பூர்வீகம் தேடித் தரச் சொல்லி வருபவர்கள், கொள்ளுத்தாத்தா வரை பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்திருப்பார்கள். நிலப் பத்திரம், வரி ரசீது எல்லாம் அவர் பெயரில்தானே. கொள்ளுப்பாட்டியிடம் வந்ததும் நின்றுவிடும். கல்யாணத்தோடு குடும்பப் பெயர் போய்விடும். உள்ளூர்ப் பத்திரிகையில்கூட ‘மிசஸ் ஜான் ஓல்சன்’ என்றுதான் வருவார்.

உடனே இணையத்தில் யாரோ போட்டு வைத்த வம்சாவளியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவர் ஊகித்து எழுதியதைத்தான் மற்றவர்கள் நகலெடுத்து வைத்திருப்பார்கள்.

நான் முதலில் எடுப்பது 1900 சென்சஸ். பிறந்த மாதமும் வருடமும், கல்யாணமாகி எத்தனை வருடம், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள். ‘9, 6’ என்றிருந்தால் மூன்று கல்லறைகளைத் தேட வேண்டும். சில நேரம் அந்தக் குழந்தைகளை அம்மாவைப் பெற்றவர்களின் பக்கத்திலேயே புதைத்திருப்பார்கள். 1890 சென்சஸுக்காக அலைய வேண்டாம். 1921இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழானது, மிஞ்சியதையும் பிறகு அரசே ஏறக்குறைய முழுவதும் அழித்துவிட்டது.

அயோவா என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மாநிலம் தனியாக எடுத்த 1925 கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் அம்மாவுக்கும் பிறந்த வீட்டுப் பெயர் கேட்டிருக்கிறார்கள். பாட்டி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாலும், பிள்ளைகளில் ஒருவர் அப்போது அங்கே இருந்தால் போதும்.

இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருந்தால், தகவல் சொன்னவர் யார் என்ற வரியையும் பாருங்கள். பல நேரம் மருமகனாக இருப்பார். மாமியாரைப் பெற்றவளின் பெயர் அவருக்கு எங்கே தெரியும்? ‘தெரியாது’ என்று எழுதியிருந்தால் நல்ல மனிதர். தோராயமாகச் சொல்லி வைத்தவர்தான் நம் தலைவலி.

கணவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குப் படையில், அதாவது மத்திய அரசின் படையில், இருந்தாரா என்று கட்டாயம் விசாரியுங்கள். விதவை பென்ஷன் கேட்டவள் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பிறந்த தேதியையும்தான். அதனால் பிரசவம் பார்த்தவர், அக்கம்பக்கத்தார் வாக்குமூலங்கள் அந்தக் கோப்பில் இருக்கும். பிறப்பு, கல்யாணம் எல்லாம் எழுதி வைத்த குடும்ப பைபிளிலிருந்து கிழித்த பக்கமே சிலவற்றில் உண்டு. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல கோப்பு கிடையாது.

நார்வேயிலிருந்து வந்த குடும்பமா? அவர்கள் அமெரிக்காவில் போய்வந்த லூத்தரன் (புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவப் பிரிவு) தேவாலயப் பதிவேட்டில் நார்வே ஊர்ப் பெயர் கிடைத்துவிட்டால், அப்புறம் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் ஞானஸ்நானப் பதிவுகளை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்.

சோஷியல் செக்யூரிட்டி என்ற அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரக் கொடுத்த விண்ணப்பத்தின் நகலுக்குப் பணம் கட்டச் சொல்லியும் சிலர் யோசனை தருவார்கள். பெற்றோர் பெயர் அதில் இருக்கும், சரிதான். ஆனால் சொந்தப் பண்ணை வைத்திருந்தவர்கள் அந்தத் திட்டத்துக்குள் வந்ததே 1955இல். பண்ணையைவிட்டு வேறு வேலைக்குப் போகாத பாட்டி அதற்கு முன்பே இறந்திருந்தால், அவருக்கு விண்ணப்பமே இருக்காது. பணம் கட்டுமுன் இறந்த வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.