மீனைப் பல்லால் கவ்வாதீர்கள்

மாரி மழை விழுந்து குளத்து வெள்ளமும் வயல் வெள்ளமும் ஒன்றாகிற காலத்தில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தொண்டையில் உயிர் மீன் சிக்கிய கேஸ் வந்துவிடுகிறது. போன கிழமையும் மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். தூண்டிலில் பட்ட பனையேறி மீனைப் பல்லால் கவ்விக்கொண்டு அடுத்த மீனுக்குக் குனிந்திருக்கிறார். மீன் துள்ளித் தொண்டைக்குள் போய்விட்டது. கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விட வைத்தோம். பிழைத்துவிட்டார். வழியிலேயே முடிந்துபோனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செப்பலி, விரால் எதையும் கவ்வக்கூடாது. ஆனால் பனையேறி எல்லாவற்றிலும் மோசம். முதுகில் குறைந்தது 16 முள், செவுள் மூடியின் ஓரமெல்லாம் கூரான பல். கரையில் போட்டாலும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். அது தரையில் போவதை நீங்களே கண்டிருப்பீர்கள்: செவுள் மூடியை விரித்து ஊன்றி, வாலால் உந்தி உந்தி முன்னேறும். தொண்டைக்குள்ளும் அதையேதான் செய்கிறது.

இனி, வாலைப் பிடித்து இழுக்கிற கதை. வருகிறவர்களில் பலர் வால் பிய்ந்த நிலையில்தான் வருகிறார்கள். வால் வெளியே தெரிகிறது, இழுத்தால் வந்துவிடும் என்று அண்ணன் இழுக்கிறார், பிறகு மச்சான் இழுக்கிறார். வராது. அதன் முட்கள் பின்பக்கம் பார்த்தவை. நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு தரமும் குழாய்க்குள் குடை விரிகிற மாதிரி அவை விரிந்து தொண்டைச் சதையில் ஏறுகின்றன. சதை கிழியும், இரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும், தொண்டை வீங்கி மிச்சமிருந்த இடைவெளியும் அடைபடும். கடைசியில் வால் கையோடு வந்துவிடும், தலை உள்ளே நிற்கும். அதற்குப் பிறகு எங்களுக்கும் பிடிக்க ஒன்றும் இருக்காது. சில நேரம் மீனை உள்ளேயே துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்கிறோம்.

சோற்றுருண்டையும் வாழைப்பழமும் கொடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சின்ன முள்ளுக்கே அது சரியான வைத்தியம் இல்லை. உயிரோடு துடிக்கிற மீனுக்கு மேலே சோற்றை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

இருமக்கூடியவரை இருமவிடுங்கள். படுக்க வைக்காமல், முன்னே சாய்ந்து இருக்க வையுங்கள். சத்தமும் வரவில்லை, மூச்சும் வரவில்லை என்றால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக 5 தட்டு. பிறகு பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள். முள் மீனுக்கு இது எப்போதும் பலிக்காது, ஆனாலும் அந்த நேரத்தில் கையிலிருப்பது இதுதான். மயங்கிவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

தம்பிமாரே, இடுப்பில் ஒரு உமலை (மீன் போடும் ஓலைப்பை) கட்டிக்கொண்டு இறங்குங்கள். உமல் இல்லையா, ஒரு சொப்பிங் பை போதும். அதுவும் இல்லையென்றால் மீனைக் கரையில் எறியுங்கள், தப்பிப் போனால் போகட்டும். அப்பாமாரே, நீங்கள் கவ்வுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகளும் வாய்க்காலில் கவ்வுகிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்கும்போது "தொண்டையில் உயிர் மீன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அது எங்கள் காதுக்கு எட்டினால்தான் தொண்டை சத்திரசிகிச்சை நிபுணரையும் மயக்க மருந்து நிபுணரையும் நீங்கள் வந்து சேருமுன்பே வாசலில் நிறுத்தி வைக்கலாம்.