வாசற்படியில் மாறும் உருவம்: ஒரு கார்ட்டூனும் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகளும்

"கார்ட்டூன்தானே, பார்க்கட்டும்" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 'நம்பர் ஒன் ஹேப்பி ஃபேமிலி யுஎஸ்ஏ' 2025 ஏப்ரல் 17 அன்று பிரைம் வீடியோவில் வந்தது. மொத்தம் எட்டு எபிசோடு. ராமி யூசுஃபும் பாம் பிராடியும் சேர்ந்து உருவாக்கியது. கோடுகளையும் வண்ணத்தையும் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்கான படம் போலத்தான் இருக்கும். கிண்டல் முழுக்கப் பெரியவர்களுக்கானது.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் பிரைம் கணக்கின் அமைப்புகளுக்குள் போய்ப் பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் பின் நம்பர் வையுங்கள். வயது வரம்பை 13 என்று வைத்தால், அதற்கு மேற்பட்டது எதைத் திறந்தாலும் நம்பர் கேட்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரம்பு எந்தெந்தக் கருவிக்குப் பொருந்தும் என்று கீழே தனியாக டிக் செய்ய வேண்டும். அமேசானின் ஃபயர் டிவியில் இது செல்லாது, அந்தக் கருவியின் அமைப்புகளிலேயே வேறாகப் பூட்ட வேண்டும். போனில் பூட்டிவிட்டு ஹாலில் இருக்கும் டிவியைத் திறந்து விட்டிருக்கும் வீடுகளே அதிகம்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது வேறு கதை. அதற்கு இந்தத் தொடரைப்போல் உதவுவது குறைவு.

கதை நியூ ஜெர்சியில், 2001 செப்டம்பர் 10 அன்று தொடங்குகிறது. எகிப்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். டாக்டராக இருந்த அப்பா ஹுசைன் இப்போது தள்ளுவண்டியில் ஹலால் சாப்பாடு விற்கிறார். அம்மாவின் பெயர் ஷரியா. மகன் ரூமிக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒரு அக்கா மோனா. மறுநாள் இரட்டைக் கோபுரத் தாக்குதல், என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அதன்பின் அப்பா எடுக்கும் முடிவுதான் தொடரின் தலைப்பு: அமெரிக்கர்களைவிட அமெரிக்கர்களாக, இந்த நாட்டிலேயே முதல் சந்தோஷக் குடும்பமாக ஆகிவிட வேண்டும்.

பாத்திரங்களின் உருவத்தை அமைத்தவர் மோனா சலாபி. புள்ளிவிவரங்களைக் கையால் வரைந்து காட்டும் பத்திரிகையாளர், 2023இல் புலிட்சர் பரிசு பெற்றவர். இந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு உருவம். வீட்டுக்குள் ஒன்று, வாசலைத் தாண்டினால் இன்னொன்று. கதவைத் திறந்து காலை வெளியே வைக்கும்போதே ஆள் மாறிவிடுவார். நடிகர்களை வைத்து எடுத்தால் இதை இத்தனை சுருக்கமாகக் காட்ட முடியாது. புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளை தினமும் காலை எட்டு மணிக்குச் செய்வதை அரை நொடியில் காட்டிவிடுகிறது அந்தக் கதவு.

பள்ளிக் கவுன்சலிங்கில் இதற்குக் கோட் ஸ்விட்ச்சிங் என்று பெயர். மொழியியலிலிருந்து வந்த சொல். ஒரே பேச்சில் இரண்டு மொழிகளுக்கு இடையே மாறி மாறிப் போவதைத்தான் முதலில் குறித்தது. இன்று உடை, குரல், சிரிப்பு, சாப்பாடு, பெயர் வரைக்கும் நீட்டிச் சொல்கிறோம். இது பொய்யும் இல்லை, நோயும் இல்லை. தாத்தாவிடம் ஒரு பேச்சு, தெருப் பையன்களிடம் ஒரு பேச்சு என்று நாம் எல்லோரும் செய்வதுதான். இரண்டு உலகத்திலும் புழங்கத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு திறமையும்கூட. எவ்வளவு செலவில் செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செலவு கூடும்போது அது சின்னச் சின்ன விஷயங்களில்தான் முதலில் தெரியும். டிபன் பாக்ஸைக் கவனியுங்கள். பாதி சாப்பிட்டு வந்தால் பசியில்லை என்று விடலாம். வாரத்தில் நாலு நாள் மூடியின் கிளிப்பைக்கூடத் திறக்காமல் வந்தால், அந்த வாசனை மற்ற பிள்ளைகள் மூக்கில் ஏறக்கூடாது என்று உங்கள் பிள்ளை நினைக்கிறது. பள்ளிக்கு இரண்டு தெரு முன்னாலேயே காரை நிறுத்தச் சொல்வது, பெற்றோர் கூட்டத்துக்கான சீட்டைப் பையிலேயே அமுக்கிவிடுவது, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் காலையில் வயிற்று வலி, பள்ளி விட்டு வந்ததும் யாரோடும் பேசாமல் இரண்டு மணி நேரம் படுத்துவிடுவது. இதில் ஒன்று மட்டும், ஒரு வாரம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியரிடம் பேச வேண்டிய நேரம். வயிற்று வலி என்றால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மனசுதான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பெற்றோர் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: "நம்ம சாப்பாட்டுக்கு என்ன வெட்கம்?" வெட்கப்படுவதற்காகவும் சேர்த்துப் பிள்ளை இப்போது வெட்கப்படும். நேரடியாகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா"தான் பதில். கார்ட்டூன் கைகொடுப்பது இங்கேதான். அந்த வாசல் காட்சியில் நிறுத்திவிட்டு, "இந்த வீட்டிலே ரொம்ப மாறுறது யாரு? யாருக்கு இது ரொம்பக் களைப்பா இருக்கும்?" என்று கேளுங்கள். "உனக்கும் இப்படி நடக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ரூமியைப் பற்றிப் பேசுகிற பிள்ளை, தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை நாம் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு போதும்.

அப்பாவின் பாத்திரத்துக்கு வருவோம். அவருடைய கணக்கு எளிமையானது: நல்லவனாக இருந்து, அதை எல்லோரும் பார்க்கும்படியும் இருந்தால் யாரும் நம்மைத் தொட மாட்டார்கள். இந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதை அந்தக் காலத்தின் எண்களே சொல்லும். முஸ்லிம்களுக்கு எதிரானவை என்று எஃப்பிஐ பதிவு செய்த வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 2000இல் 28. 2001இல் 481. இவை காவல்துறை வழியாக ஏட்டில் ஏறியவை மட்டும். தாக்கியவர்கள் யாருடைய மதத்தையும் விசாரித்துவிட்டுத் தாக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில், தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். தலைப்பாகையும் தாடியும்தான் காரணம்.

2002இல் அமெரிக்க அரசின் 'என்சீர்ஸ்' என்ற சிறப்புப் பதிவுத் திட்டம் வந்தது. 25 நாடுகளின் பட்டியல். வட கொரியாவைத் தவிர கிட்டத்தட்ட மற்றதெல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். எகிப்து, பாகிஸ்தான், வங்கதேசம் எல்லாம் அதில் உண்டு. இந்தியாவும் இலங்கையும் இல்லை. அந்த நாடுகளிலிருந்து தற்காலிக விசாவில் வந்திருந்த, 16 வயது நிறைந்த ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தாங்களே போய்க் கைரேகையும் படமும் கொடுத்துப் பதிய வேண்டும். 80,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போய் வரிசையில் நின்றார்கள், சட்டத்தை மதித்துத்தான். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர்மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. ஒழுங்காக நடந்தால் தொட மாட்டார்கள் என்று நம்பி வந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அந்தத் தள்ளுவண்டிக்காரரின் பதற்றத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது இது தெரிந்திருந்தால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். நிற்க வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் எப்படி வண்டிக்காரர் ஆவார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது கார்ட்டூன் மிகை இல்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர் அமெரிக்காவில் ஊசி போட வேண்டுமானால், முதலில் யுஎஸ்எம்எல்இ என்ற மருத்துவ உரிமத் தேர்வின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 தாண்டி, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு, பெரும்பாலான மாநிலங்களில், ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி என்ற பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். பொது மருத்துவத்துக்கே அது மூன்று வருடம். ஊரில் பதினைந்து வருடம் பார்த்த அனுபவம் பெரும்பாலும் கணக்கில் வராது. குடும்பத்தை வைத்துக்கொண்டு வாடகையும் கட்டியபடி நாற்பது வயதில் இதைச் செய்ய எத்தனை பேரால் முடியும்?

அந்த அப்பாவின் முழுப் பெயர் ஹுசைன் ஹுசைன். நம் வீடுகளுக்குப் பக்கத்தில் வரும் விஷயம் இது. குடும்பப் பெயர் இல்லாத ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அமெரிக்கப் படிவம் ஒரு பொறி. எகிப்தில் சொந்தப் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று சங்கிலியாக வரும். நமக்கு ஒரு இனிஷியல், ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று விழும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பள்ளியில் சேர்க்கும்போது அதே காகிதத்தைப் பார்த்து ஏற்றுவார்கள். முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியர் உங்கள் மகனை "ஃப்னு" என்று கூப்பிடுவார். வகுப்பு சிரிக்கும். மறுவாரம் அவனாகவே 'மைக்' ஆகிவிடுவான்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டமும் நிரம்பும்படி மறு வெளியீடு வாங்கிவிடுவது நல்லது. கல்விச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும். முகம்மது என்பதை ஓரிடத்தில் 'எம்.டி.' என்றும் இன்னோரிடத்தில் முழுதாகவும் எழுதியிருந்தால் இப்போதே சரி செய்யுங்கள். ஏற்கெனவே எஃப்என்யூவோடு போய் இறங்கியவர்கள், பள்ளி அலுவலகத்தில் 'கூப்பிடும் பெயர்' என்ற இடத்தில் சரியான பெயரை ஏற்றச் சொல்லலாம். சட்டப்படியான பெயர் மாறாது, ஆனால் வருகைப் பதிவில் கூப்பிடுவது மாறும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரமே போக வேண்டும். திறந்த பிறகு அனுப்பினால் பட்டப்பெயர் முந்திக்கொள்ளும்.

ஆசிரியர்களுக்கும் சில வார்த்தைகள். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் வகுப்பில் அந்தத் தாக்குதல் பற்றிய பாடம் வரும்போது, இருக்கிற ஒரே முஸ்லிம் பிள்ளையைப் பார்த்து "உங்கள் மதத்தில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் அந்த நொடியில் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை சுமார் இருநூறு கோடிப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதாகிறது. பாடத்துக்கு முந்தைய நாள் வீட்டுக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிட்டு, பேச விருப்பமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய இடைவேளையில் வரும் "பாம் வச்சிருக்கியா" வகை ஜோக்குகளை விளையாட்டு என்று கடந்துவிடாமல், யார், எப்போது, என்ன சொன்னது என்று எழுதி வையுங்கள். மூன்றாவது முறை நடக்கும்போது அந்தத் தாள் தேவைப்படும்.

இன்னொன்று, பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது. "கணக்கில் மோசம், வகுப்பில் யாரோடும் சேர்வதில்லை" என்று ஆசிரியர் சொன்னதைத் தன் வாயாலேயே அம்மாவிடம் சொல்ல வேண்டிய பிள்ளை, "நல்லா படிக்கிறேனாம்" என்றுதான் சொல்லும். வேறென்ன சொல்லும்? அரசு நிதி பெறும் அமெரிக்கப் பள்ளிகள், ஆங்கிலம் போதாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் கடமை அது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால், எந்த மொழி என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தமிழுக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறதா என்று கேட்கலாம். கூட்டம் நடக்கும்போது பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.