எத்தனை இருக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற எங்கள் குரோஷா வாட்ஸப் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பின்னி முடித்ததும் கத்தரித்துப் போடுகிற நூல் துணுக்குகளை அதில் சேர்த்துக்கொண்டே வந்தார். பாட்டில் நிறைந்த அன்று படம் எடுத்துப் போட்டு, "உள்ளே எத்தனை துணுக்கு? கிட்டத்தில் வருபவருக்குப் பாட்டிலே பரிசு" என்று எழுதினார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், நான்கு மாதம் உட்கார்ந்து பின்னிய கட்டில் விரிப்பின் படத்தைப் போட்டிருந்தார். அதற்கு வந்தவை ஏழெட்டு 'சூப்பர்', இரண்டு கைகூப்பு. குப்பைத் துணுக்குக்கோ, குழுவில் சேர்ந்த நாள் முதல் வாயே திறக்காதவர்கள்கூட ஆளுக்கொரு எண்ணோடு வந்து நின்றார்கள்.

அக்காவுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். எனக்கு அது வியப்பாக இருந்தது. அழகான விரிப்புக்கு இல்லாத இழுப்பு, வெட்டிப்போட்ட நூலுக்கு எங்கிருந்து வந்தது?

மேலே போகும் முன் உங்களுக்கும் ஒரு கேள்வி. வட்டமாக ஒரு மேஜை விரிப்பு பின்னுகிறோம். ஊசியால் போடும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. முதல் சுற்றில் 6 கண்ணி, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 18. இப்படிச் சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் விரிப்பு சுருங்காமல், அலையடிக்காமல் தட்டையாக வரும். நூலால் பின்னும் குட்டி பொம்மைகளான அமிகுருமி செய்கிறவர்களுக்கு இது மனப்பாடம். மொத்தம் 20 சுற்று. வாங்கிய நூலில் சரிபாதி எந்தச் சுற்றில் தீரும்? கணக்கெல்லாம் வேண்டாம், தோன்றுகிற எண்ணைச் சொல்லுங்கள். எங்காவது குறித்தும் வையுங்கள். பிறகு "நான் அதைத்தான் நினைத்தேன்" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

குறித்துவிட்டீர்களா? இப்போது உங்கள் தலைக்குள் ஒன்று மாறியிருக்கிறது. ஒரு நிமிடம் முன்புவரை அந்த விரிப்பு யாருடையதோ. இப்போது அதில் உங்கள் பந்தயம் ஒன்று இருக்கிறது.

'ஒத்தையா ரெட்டையா' விளையாடியவர்களுக்கு இது புதிதல்ல. எதிராளியின் மூடிய கைக்குள் இருப்பது வெறும் புளியங்கொட்டை. "ஒத்தை" என்று சொல்லிவிட்ட பிறகு, கை விரிகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் மொத்த ஆட்டமும். மண்ணைக் குவித்து அதற்குள் குச்சியை ஒளித்துவைக்கும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் அப்படித்தான். சொல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தத் துடிப்பு இருப்பதில்லை.

அந்தத் துடிப்பை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். 2019-ல் ஜெர்மனியின் கார்வின் பிராட், யாஸ்மின் பிரைட்வீசர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், எண் சார்ந்த பொது அறிவுக் கேள்விகளைச் சிலரிடம் காட்டினார்கள். சில கேள்விகளுக்கு விடையை ஊகித்துச் சொல்ல வேண்டும். வேறு சிலவற்றுக்கு ஊகம் வேண்டாம், அந்தப் பொருளோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் சொன்னால் போதும். பிறகு விடை திரையில் வரும். விடைக்குக் காத்திருந்த நேரத்தில் கண்ணின் பாவை எவ்வளவு விரிகிறது என்று கருவி கவனித்தது. ஊகித்த கேள்விகளில் பாவை கூடுதலாக விரிந்தது, ஆர்வமும் கூடியிருந்தது. ஆர்வம் கூடிய கேள்விகளின் விடை நன்றாக மனதில் நின்றது. இரண்டு வகையிலும் மூளைக்கு வேலை உண்டு என்பதைக் கவனியுங்கள். வேலை செய்ததால் மட்டும் ஆர்வம் வந்துவிடவில்லை. ஓர் எண்ணைச் சொல்லி அதில் மாட்டிக்கொண்டதால் வந்தது.

இதை 'டோபமைன்' என்ற மூளை வேதிப்பொருளின் பெயரில், ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. உப்பு என்று சொல்லிவிட்டுச் சாம்பாரை விளக்கிவிட்டதாக நினைப்பது போல. ஆனால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 2009-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதேபோல் கேள்வி கேட்டு, விடைக்கு ஏங்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்கள். ஆர்வம் அதிகமாக இருந்த கேள்விகளின்போது, பரிசை எதிர்பார்க்கும்போது இயங்கும் பகுதிகளில் ஒன்று விழித்துக்கொண்டது. அதாவது விடையே மூளைக்கு ஒரு தின்பண்டம். ஊகம் தவறிப்போன கேள்விகளில் நினைவு சார்ந்த பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. அறவே தெரியாத கேள்விக்கும் ஆர்வம் குறைவு, நன்றாகத் தெரிந்த கேள்விக்கும் குறைவு. கொஞ்சம் தெரியும், ஆனால் உறுதியில்லை என்ற நடுவிடத்தில்தான் ஆர்வம் உச்சத்துக்குப் போனது. குழு நடத்துகிற பலர் சறுக்குவது இங்கேதான். "என் கையில் இருக்கும் ஊசியின் நிறம் என்ன?" என்று கேட்டால், பதில் சொல்ல எதைப் பிடித்துக்கொள்வது? பிடிப்பே இல்லாத கேள்வி லாட்டரிச் சீட்டு போல.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர், பலர் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து, உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். "அது எத்தனை சதுர மீட்டர்?" என்று கேட்டால் கேட்பவர் முகத்தில் சலனமே இருக்காது. "எத்தனை கிரவுண்ட்?" என்று சென்னைவாசியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி என்று அவருக்குத் தெரியும், பக்கத்து மனை கண்முன் வரும், உடனே ஓர் எண் வரும். விடை 50 கிரவுண்ட், அதாவது 11,148.5 சதுர மீட்டர். கேட்கும் அளவை மாற்றியவுடன் கேள்விக்கு உயிர் வந்துவிடுகிறது.

சரி, அந்த வட்ட விரிப்புக்கு வருவோம்.

சுற்று எண்ணைப் பார்த்து "பத்தாவதில் பாதி" என்று சொல்லத்தான் வாய் வரும். கொஞ்சம் பின்னத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு என்பார்கள். விடை 14. இருபது சுற்றுக்கும் சேர்த்து 1260 கண்ணிகள். பதினான்காவது சுற்று முடியும்போது கச்சிதமாக 630. பத்தாவது சுற்றில் நிற்கும்போது ஆகியிருப்பது வெறும் 330, ஏறக்குறைய கால்பங்குதான். கண் ஆரத்தைப் பார்க்கிறது, நூலோ பரப்பளவுக்குச் செலவாகிறது. ஆரம் பாதி என்றால் பரப்பு கால். "பாதி விரிப்பு முடிந்துவிட்டது, பாதி நூல் மிச்சம் இருக்கிறது, போதும்" என்று ஆறுதல்பட்டு, பிறகு அதே சாயத்தில் நூல் தேடிக் கடைகடையாக அலைந்தவர்களில் நானும் ஒருத்தி.

நூல்கண்டு இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். உருண்டையாகச் சுற்றிய கண்டு பாதி விட்டத்துக்கு இளைத்தால், மிச்சமிருப்பது பாதியும் அல்ல, காலும் அல்ல. எட்டில் ஒரு பங்கு. நடுவிலிருந்து நூல் எடுக்கிற கண்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே பார்க்கக் கொழுகொழுவென்று அப்படியே இருக்கும், உள்ளே காலியாகிக்கொண்டே வரும், ஒருநாள் சரிந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது இரட்டிப்பு. சுற்றுக்கு ஆறு கூட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கண்ணி போட்டுக்கொண்டே போனால்? 6, 12, 24, 48... பத்தாவது சுற்றில் எத்தனை இருக்கும்? தட்டை விரிப்பில் பத்தாவது சுற்றுக்கு 60 கண்ணி. இங்கே 3072. நாலைந்து சுற்றிலேயே ஓரம் சுருக்கம் சுருக்கமாக எழும்பிக் கோழிக்கொண்டைப் பூ மாதிரி ஆகிவிடும். இந்தச் சுருக்கத்துக்குள் ஒரு கணிதமே இருக்கிறது. லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா, 1997-ல் மிகைவளையத் தளம் (ஹைபர்போலிக் பிளேன்) என்னும், எங்கும் குதிரைச் சேணம் போல வளைகிற வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்ப்பதற்காகக் குரோஷாவில் பின்னினார். காகிதத்தில் செய்த மாதிரி கிழிந்துபோகும், நூலில் செய்தது தாங்கும். அவர் கண்ணிகளை இரட்டிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்டினார். அப்படியும் சுற்றுகள் ஏற ஏற ஒரு சுற்றுக்கே மணிக்கணக்கில் ஆகிவிடும்.

பெருக்கலாக வளர்வதை நம்மால் ஏன் ஊகிக்க முடிவதில்லை என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1974-ல் உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானிமனும் வெளியிட்ட கட்டுரையில் வருவது. பள்ளி மாணவர்களில் ஒரு குழுவுக்கு 8×7×6×5×4×3×2×1 என்று எழுதிக் காட்டினார்கள், மற்றொரு குழுவுக்கு அதையே 1×2×3 என்று தலைகீழாக. ஐந்து விநாடியில் விடையை ஊகிக்க வேண்டும். முதல் குழுவின் நடுமதிப்பு, அதாவது விடைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 2250; இரண்டாவதன் நடுமதிப்பு 512. உண்மை விடை 40,320. முதல் இரண்டு மூன்று பெருக்கல்களைப் போட்டுப் பார்த்து, அங்கிருந்து கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறோம். அந்தக் 'கொஞ்சம்' ஒருபோதும் போதுவதில்லை.

பாட்டிலுக்குள் இருக்கும் துணுக்கை எண்ணாமல் சொல்வது வேறு வகைத் திறமை. பொருளியலாளர் ஜெவன்ஸ் 1871-ல் கருப்பு அவரை விதைகளைப் பெட்டிக்குள் வீசி, ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். தனக்குத் தானே ஆயிரம் தடவைக்கு மேல். மூன்று, நான்கு விதைகளில் ஒரு பிழையும் இல்லை. ஐந்தில் தடுமாற ஆரம்பித்தார், அதற்கு மேல் ஏற ஏறப் பிழையும் ஏறியது. நான்கு வரைக்கும் நாம் எண்ணுவதில்லை, பார்த்தவுடன் தெரிகிறது. அதைத் தாண்டினால் உத்தேசம்தான். நூற்றுக்கணக்கில் போகும்போது பெரும்பாலும் குறைத்தே சொல்கிறோம். பாட்டிலில் கண்ணாடியை ஒட்டியிருக்கும் துணுக்குகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன, உள்ளே அமுங்கியிருப்பவை கணக்கில் வருவதில்லை. அது வேறு.

தனி ஆள் தவறினாலும் கூட்டம் தவறாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பிறந்த இடம் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் நடந்த ஒரு கால்நடைக் கண்காட்சி. அங்கே ஒரு கொழுத்த மாட்டை நிறுத்தி, அறுத்துச் சுத்தம் செய்த பிறகு இறைச்சி எவ்வளவு எடை வரும் என்று ஆறு பென்ஸ் சீட்டு விற்றார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் அந்தச் சீட்டுகளை வாங்கி, படிக்க முடிந்த 787 ஊகங்களை வரிசைப்படுத்தி 1907-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நடுவில் நின்ற ஊகம் 1207 பவுண்டு. உண்மை எடை 1198. நூற்றுக்கு ஒன்று கூடப் பிசகவில்லை. ஒருவர் கூட்டிச் சொன்னதை இன்னொருவர் குறைத்துச் சொன்னது சரிக்கட்டிவிடுகிறது.

ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு, கதையைச் சொல்பவர்கள் அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, பிழைகள் இரண்டு பக்கமும் விழ வேண்டும். மாட்டைப் பார்த்தவர்களில் கசாப்புக்காரர்களும் விவசாயிகளும் இருந்தார்கள், அவர்களுக்கு அது பழகிய எடை. நம் வட்ட விரிப்பிலும் இரட்டிப்பிலும் எல்லோருமே ஒரே பக்கம் சாய்கிறோம். அங்கே ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் பிழைதான் உறுதிப்படும்.

இரண்டாவது, ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது. 2011-ல் சூரிக்கில் 144 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மற்றவர்களின் ஊகம் தெரிந்தவுடன் எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. ஆனால் கூட்டத்தின் துல்லியம் கூடவில்லை. கூடியது தன்னம்பிக்கை மட்டும்! எங்கள் குழுவிலும் நடந்தது இதுதான். முதலில் ஒருவர் 200 என்று போட்டார். அடுத்து 210, 185, 220. யாரும் பாட்டிலைப் பார்க்கவில்லை, மேலே இருந்த எண்ணைப் பார்த்தார்கள். ஆகவே இந்த ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு என் ஒரே கறாரான யோசனை: விடையைத் தனியாக உங்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். எல்லா எண்களையும் கடைசியில் ஒன்றாகக் கொட்டும்போது வருகிற கலகலப்பு தனி.

குரோஷா போடுகிறவர்கள் தனியாகவும் ஓர் ஊக விளையாட்டு ஆடுகிறோம். கடைசி வரிசைகள் மிச்சம், கண்டு குட்டியாகிவிட்டது, நூல் வருமா வராதா? ஆங்கிலத்தில் இதற்கு 'யார்ன் சிக்கன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார்ன் என்றால் நூல், சிக்கன் என்பது யார் முதலில் பயந்து பின்வாங்குவது என்ற பந்தயம். நம்மூரில் வயர் கூடை பின்னுகிறவர்களுக்கு, கைப்பிடி போடும்போது இதே திகில் தெரியும். நூல் தீர்ந்துவிடுமோ என்று வேகமாகப் பின்னுவோம். வேகமாகப் பின்னினால் நூல் குறைவாகப் பிடிக்கும் என்பது போல. சமையலறைத் தராசு இருந்தால் இந்தத் திகில் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் கண்டை எடை போட்டால் வரிசைக்கு எத்தனை கிராம் என்று தெரியும், மிச்சத்தை அதால் வகுக்க வேண்டியதுதான். தராசு வைத்திருப்பவர்களும் பல நாள் அதை எடுப்பதில்லை. ஏன் என்று இவ்வளவு படித்த உங்களுக்குத் தெரியும்.

பாட்டில் என்ன ஆயிற்று? அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முறத்தில் கொட்டி, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார். 468. எல்லோருமே குறைத்துத்தான் சொல்லியிருந்தோம். கிட்டத்தில் வந்தவர் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண். தன் வீட்டிலேயே அதே அளவு பாட்டிலில் நூலை வெட்டிப் போட்டு, கால்வாசி நிரப்பி எண்ணிப் பார்த்தாளாம். "இது ஊகமா, பரிசோதனையா?" என்று சண்டை கிளம்பி, அன்று ராத்திரி பதினோரு மணி வரை ஓடியது. பாட்டில் அவளுக்கே போயிற்று. துணுக்குகளை ஒரு பொம்மை முயலுக்குள் அடைத்துவிட்டாள்.

அடுத்த கேள்வி அவள் முறை. பாதியில் நிற்கும் ஒரு சால்வையின் படம் போட்டாள். மிச்ச நூல் 23 கிராம், வரிசைக்கு 1.8 கிராம், இன்னும் 13 வரிசை. "வரும் என்பவர்கள் இன்றைக்குள் சொல்லுங்கள், நாளைக்கு ஊசி எடுக்கிறேன்." அக்காதான் முதலில் எழுதினார்: "வரும். கடைசி வரிசையை இறுக்கிப் போடு, கண்ணு."