ரியூனியன் வழியாக வரும் ஆய்வுப் பணம்: இன்டர்ரெக் மானியத்தில் மொரிஷியஸுக்கு என்ன இடம்?

மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு மானியத்தில் பங்கு உண்டா? உண்டு, ரியூனியன் வழியாக. பக்கத்துத் தீவான ரியூனியன் 1946 முதல் பிரான்சின் மாவட்டம், எனவே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அடங்கும். இப்படித் தொலைவில் கிடக்கும் பகுதிகள் அண்டை நாடுகளோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே இன்டர்ரெக் என்ற திட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. நமக்கு உரியது இன்டர்ரெக் இந்தியப் பெருங்கடல். நடப்புச் சுற்று 2021 முதல் 2027 வரை. செலவுகளை 2029 டிசம்பர் 31 வரை கணக்கில் ஏற்றலாம். நிர்வாகம் ரியூனியன் மண்டல மன்றத்திடம் இருக்கிறது. மன்றத்தின் அலுவலகமும் ரியூனியன் பல்கலைக்கழகமும் செயின்ட் டெனிஸின் மூஃபியா பகுதியில்தான் உள்ளன. அவர்களுக்கு அது பக்கத்து வாசல். நமக்கு நடுவே கடல்.

இது மாணவர் உதவித்தொகை அல்ல, தனி ஆளுக்கும் கிடையாது. நிறுவனங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். குறைந்தது இரண்டு நாடுகளின் பங்காளிகள் வேண்டும், அவர்களில் ஒருவராவது ஒன்றியத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். மொரிஷியஸ், மடகாஸ்கர், செஷல்ஸ், கொமொரோஸ் எல்லாம் உள்ளே உண்டு, இந்தியாவும் உண்டு. ஒருவர் தலைமைப் பங்காளி ஆவார். வழக்கமாக அது ரியூனியன் நிறுவனம்தான். மற்றவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் அவர் ஒரு காசும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 'நிர்வாகச் செலவு' என்று யாராவது கை நீட்டினால் அந்த விதியைக் காட்டுங்கள்.

என்ன மாதிரி ஆய்வு பொருந்தும்? மொரிஷியஸுக்குச் சொந்தமான ரொட்ரிக்ஸ் தீவில் 2012 முதல் ஆண்டுதோறும் ஒரு பருவத்துக்குப் பேய்க்கணவாய் பிடிக்கத் தடை. மடகாஸ்கரின் மீனவக் கிராமமான அந்தவதோக்காவில் 2004-லேயே இப்படிச் செய்து பார்த்தார்கள். தடை முடிந்ததும் கணவாய் பெருத்துக் கிடைக்கிறது. சரி, அதுவரை வற்றுநீரில் ஈட்டியோடு நடந்து பிழைத்த பெண்களின் அடுப்பு எப்படி எரிந்தது? இரண்டு தீவிலும் சேர்த்துக் கேட்டால் அது கடல் ஆய்வு, சமூக ஆய்வும்கூட. கடலை விட்டு வந்தால், ஒப்பந்தக் கூலிகளின் வரலாறு இருக்கிறது. மொரிஷியஸின் மொக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தின் குடியேற்ற ஆவணங்களையும், வந்திறங்கிய கூலிகளைத் தனிமைப்படுத்தி வைத்த ரியூனியனின் கிராந்த் ஷலூப் லாசரெத்தையும் ஒரே ஆய்வில் வைத்துப் படிக்கலாம். நம் பாட்டன்மார் இரண்டு கரையிலும் இறங்கியவர்கள்தானே.

இனிப் பணம். பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்றியம் தருவது அதிகபட்சம் 85 சதவீதம். மீதியை உள்ளூர்ப் பொதுநிதியிலோ நிறுவனத்தின் கையிருப்பிலோ தேட வேண்டும். அந்த 85-ம் முன்பணமாகக் கொட்டுவதில்லை. நீங்கள் செலவழித்து, கணக்குக் காட்டி, அது சரிபார்க்கப்பட்ட பிறகே கைக்கு வரும். கோரிக்கை வைத்த 80 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு தாள் குறைந்தாலும் அந்த நாள்கணக்கை நிறுத்தி வைக்கலாம். பல மாதச் சம்பளத்தை யார் முன்னால் போட்டுத் தாங்குவது என்று நிதி அலுவலரிடம் பேசி முடிக்காமல் ஆய்வுக் கேள்வியை மெருகேற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

தாள் சுமையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஊழியர் செலவை மட்டும் நிரூபித்து, மற்ற எல்லாவற்றுக்கும் அதில் 40 சதவீதம் வரை பில் இல்லாமல் கேட்கலாம் என ஒன்றியச் சட்டம் இடம் தருகிறது. ஊழியர் செலவு 50,000 யூரோ என்றால் மற்றவற்றுக்கு 20,000, ஆக மொத்தம் 70,000. அதில் 85 சதவீதம் 59,500 யூரோ. 10,500 யூரோ நம் பக்கம். படகு வாடகையே பெரிதாக விழுங்கும் கடல் ஆய்வுக்கு இந்த வழி கட்டாது. நேர்காணல்களை நம்பி நடக்கும் ஆய்வுக்கு அருமையாகப் பொருந்தும். விண்ணப்ப அழைப்பில் இந்த வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மொரிஷியஸ் பங்காளியின் எந்தச் செலவு ஏற்கப்படும் என்பதையும் அதிலேயே பாருங்கள்.

ரூபாயில் செய்த செலவை யூரோவாக்கும்போது, செலவு செய்த நாளின் விலை எடுபடாது. சரிபார்க்கக் கொடுத்த மாதத்துக்கு ஐரோப்பிய ஆணையம் வைத்திருக்கும் விகிதமே கணக்கு. ஆவணங்களைக் கடைசிப் பணம் வந்த ஆண்டின் டிசம்பர் 31-லிருந்து ஐந்து ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். ஒன்றியத்தின் சின்னத்தைப் போடாமல் விட்டால் உதவியில் 2 சதவீதம் வரை வெட்டலாம். ஒரு சுவரொட்டிக்காக அந்தப் பணத்தை இழக்காதீர்கள்.

அனுமதிகள் தனி. கல்பவளங்கள், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஒரு துண்டைப் பக்கத்துத் தீவின் ஆய்வகத்துக்கு அனுப்பவும் இங்கே ஏற்றுமதி அனுமதியும் அங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். மீனவப் பெண்ணின் நேர்காணல் பதிவைப் பகிர்ந்தால் 2017-ஆம் ஆண்டின் மொரிஷியஸ் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஐரோப்பியத் தரவு விதிகளும் கூடவே வரும். ஒப்புதல் படிவத்தை இரண்டுக்கும் பொருந்துமாறு, அந்தப் பெண்ணுக்குப் புரியும் கிரியோலில் எழுதி வையுங்கள்.

ரியூனியனில் பங்காளி யாரும் அமையவில்லையென்றால் சான்சிபாரைத் தளமாகக் கொண்ட மேற்கு இந்தியப் பெருங்கடல் கடல் அறிவியல் சங்கத்தின் மாஸ்மா மானியத்தைப் பாருங்கள். அந்தச் சங்கத்தின் வட்டத்தில் மொரிஷியஸும் உண்டு.