தோள் வலி என்று வந்தால் நான் முதலில் கேட்பது சுகர்

போன வருடம் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தானையைச் சரிசெய்வதுகூட இடது கைதான். "ஆறு மாசமா வாயுப்பிடிப்புன்னு பூண்டு தின்னுட்டு இருந்தேங்க. இப்ப தலை பின்ன முடியல, முதுகு தேய்க்க முடியல. ராத்திரி அந்தப் பக்கம் புரண்டா உயிர் போகுது." நடுவில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் எண்ணெய் தடவிக் கையை முறுக்கி இழுத்திருக்கிறார். அன்றிலிருந்து வலி இரட்டிப்பு.

உட்காரவைத்து, இரண்டு முழங்கைகளையும் விலாவில் ஒட்டி மடக்கி, முன்கைகளை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். இடது கை கதவு திறப்பதுபோல விரிந்தது. வலது கை அரைச் சாண்கூட நகரவில்லை. அப்புறம் நானே பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றுவிட்டது.

தோள் வலியில் இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். தானாகவும் போகவில்லை, பிறர் திருப்பினாலும் போகவில்லை என்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டுத் தேய்மானத்திலும் தோள் இப்படி இறுகலாம் என்பதால் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நல்லது. தானாகத் தூக்க முடியாத கை, நாம் தூக்கிவிட்டால் மட்டும் மேலே போகிறதா? அப்போது சந்தேகம் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் நார்கள் மேல். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நடுவழியில் மட்டும், சுமார் 60 முதல் 120 டிகிரிக்குள், சுரீரென்று வலித்தாலும் பெரும்பாலும் இந்த வகைதான். பெயின்ட் அடிப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் செய்த பயிற்சியை யூடியூபில் தேடிச் செய்து வலியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

"சுகர் பார்த்தீங்களாம்மா?"

"எனக்கு அதெல்லாம் இல்லைங்க."

பார்த்ததே இல்லை என்று அதற்கு அர்த்தம். மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்ததில் 190. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வரும், மெதுவாகத்தான் விடும். தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் சில மாதம் வலிதான் பெரிது, பிறகு வலி குறைந்து இறுக்கம் மிஞ்சும், அப்புறம் மெல்ல இளகும். எல்லாம் சேர்ந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் பத்தாம் நாள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இழுக்கவே கூடாது. மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளிபோலத் தொங்கவிட்டு லேசாக ஆட்டினால் போதும். இந்தக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நன்றாகக் கேட்கிறது. சுகர் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். பயந்துகொண்டு கையைத் தூளியில் மாட்டிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத வைத்தியம். இறுக்கம் இன்னும் கூடும்.

வலி தணிந்ததும் சுவரில் விரல்களால் ஏறுவது, குச்சியைப் பிடித்துக் கையை வெளிப்பக்கம் தள்ளுவது. ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தடவை. செய்தபின் வலி அரை மணியில் அடங்க வேண்டும். ராத்திரித் தூக்கம் கெட்டால் அன்றைக்கு அதிகமாகச் செய்துவிட்டீர்கள்.

விழுந்தபின் கை தூக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோடு தோள் வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் என்னிடம் வராதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த அம்மாவிடம், சுவரில் விரல் எட்டும் இடத்தில் வாரம் ஒரு பென்சில் கோடு போடச் சொல்லியிருந்தேன். நான்கு மாதம் கழித்து போனில் படம் காட்டினார். ஏணிப்படிபோல ஏறிய கோடுகளில் ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தது. "அது பொங்கலுக்கு வீடு ஒட்டடை அடிச்ச வாரம்" என்றார்.