பாம்பு கடித்த கால் ஏன் அப்படி வீங்குகிறது?

நாற்று நடும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் இரவுப் பணியில் இருந்தால், பாம்புக்கடி என்று வருபவரிடம் நான் முதலில் தேடுவது கடிவாயை அல்ல, அதற்கு மேலே இறுக்கிப் போட்டிருக்கும் கட்டைத்தான். கயிறு, துண்டு, சேலைக் கிழிசல், ஒருமுறை சைக்கிள் டியூப். வரப்பில் கண்ணாடி விரியன் கடித்து வந்த ஒரு அக்காவுக்கு, கட்டுக்குக் கீழே கால் முழுக்க நீலம் பாய்ந்திருந்தது, மெட்டி சதைக்குள் புதைந்துபோய் அதை வெட்டித்தான் எடுத்தோம். "விஷம் மேல ஏறக்கூடாதுன்னுதான் கட்டினோம் டாக்டர்" என்று அவர் வீட்டுக்காரர் அழுதார்.

பாம்பு விஷம் என்றால் ஏதோ ஒரே நஞ்சு என்று நினைக்கிறோம். அது பல புரதங்களின் கலவை, அவற்றில் பாதி வேலையை நம் உடம்பை வைத்தே செய்துகொள்கின்றன. விரியன் விஷத்தில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்று ஒரு நொதி இருக்கிறது. அது செல்லின் சவ்வில் உள்ள கொழுப்பை வெட்டும்போது அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வெளியே வருகிறது, நம் உடம்பே அதைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளாக மாற்றிவிடுகிறது, அதனால் இரத்தக்குழாய் விரிகிறது, சாதாரணமாகத் தொட்டாலே உயிர் போகிற மாதிரி நரம்பு முனைகள் கூர்மையாகிவிடுகின்றன. இன்னொரு வகைப் புரதம், மெட்டலோபுரோட்டினேஸ், நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரைத் தாங்கும் வலையையே அறுக்கிறது. அப்புறம் நீரும் இரத்தமும் திசுவுக்குள் கசியாமல் என்ன செய்யும்? கொப்புளமும் கருமையும் அப்படித்தான் வருகின்றன.

வலியைத் தூண்டும் பிராடிகைனின் என்ற பொருளையே பாம்பு விஷத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1940களின் இறுதியில் பிரேசிலில் ரோச்சா இ சில்வாவும் அவருடைய குழுவினரும் ஜராராக்கா என்ற விரியனின் விஷத்தை இரத்தப் பிளாஸ்மாவில் சேர்த்தபோது அது வெளிப்பட்டது. பாம்பு அதைக் கொண்டுவரவில்லை, நம் இரத்தத்தில் இருந்ததை வெட்டி விடுவித்தது, அவ்வளவுதான்.

இப்போது அந்த இறுக்கிக் கட்டிய கயிற்றை நினைத்துப் பாருங்கள். சதையை அறுக்கும் இத்தனை புரதங்களையும் ஒரே இடத்தில் அடைத்துவைத்து, அந்தக் காலுக்கு இரத்தம் போகும் வழியையும் மூடுகிறோம். கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், கையோ காலோ அசையாமல் ஒரு மரக்கட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள், நடக்கவிடாமல் 108க்குக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு நாங்கள் அவிழ்க்கிறோம்.

வழியில் எங்காவது ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. விரியன் விஷம் இரத்தம் உறையத் தேவையானவற்றைத் தீர்த்துவிடுகிறது, அதனால்தான் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்க்கிறோம். உறையாத இரத்தம் உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும், இடுப்பில் ஊசி குத்திய இடமே இரத்தம் கட்டி வீங்கும். அந்த நேரத்தில் வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதற்கு மேல் வேண்டுமானால் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

"பத்து குப்பி மருந்து ஏத்தியும் வீக்கம் வடியலையே" என்று உறவினர்கள் கோபப்படுவார்கள். நியாயமான கேள்விதான். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதம், அது விஷப் புரதத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே வெளிப்பட்ட புரோஸ்டாகிளாண்டினையோ அறுந்த திசுவையோ அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இரத்தம் உறையத் தொடங்கிய பிறகும் வீக்கம் சில நாள் இருக்கும். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று நான் நினைக்காத வாரமே இல்லை.

ஆனால் என்னை அதிகம் பயமுறுத்துவது வலிக்காத கடி. பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் வேறு வகைப் பாம்பு. அதன் விஷத்தில் முக்கியமானவை நரம்பைச் செயலிழக்க வைக்கும் புரதங்கள், கடித்த இடத்தில் வீக்கமே இருக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியாமல், பேச்சு குழறினால், வாயுக்கோளாறு என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே கூட்டிவாருங்கள், பாம்பை யாரும் பார்க்கவில்லை என்றாலும்.